கோடை விடுமுறையில் ஸ்பானிஷ்: மதுரைக் கல்லூரி வகுப்பு எப்படி இருந்தது

இந்த ஸ்பானிஷ் வகுப்பில் சேரலாமா வேண்டாமா என்று ஆபீசிலும் தெருவிலும் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட விவரமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சேரலாம், தைரியமாகச் சேரலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு சேருங்கள். எனக்கும் என்னோடு படித்தவர்களுக்கும் நன்றாக மனதில் ஏறிய பாடமெல்லாம் தமிழ் வழியாக ஏறியவை. ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு போன நாட்களில் வகுப்பே தடுமாறியது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். கட்டணம், புத்தகம், நேரம் எல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

மதுரை நகருக்குள் இருக்கும் ஒரு கலைக் கல்லூரி கோடை விடுமுறையில் நடத்தும் சான்றிதழ் படிப்பு இது. வெளியாட்களும் சேரலாம், வயது வரம்பு இல்லை. திங்கள் முதல் சனி வரை, காலை 9.30 மணிக்கு ஆரம்பித்து 1 மணிக்கு முடியும். மொத்தம் ஆறு வாரம். கட்டணம் ரூ.9,000, புத்தகத்துக்கு மேலே ரூ.600. சாதாரணமாக ஒரு வருடம் இழுத்து நடத்தும் பாடத்தை ஆறு வாரத்துக்குள் அடக்குவதால் 'இன்டென்சிவ்' என்று நோட்டீசில் போட்டிருந்தார்கள். பெயருக்கேற்ற மாதிரி மதியம் வீட்டுக்கு வந்தபிறகும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதவேண்டியிருக்கும். அந்த நேரம் இல்லாதவர்கள் பணத்தைக் கட்டாதீர்கள். ஒரு நாள் விட்டால் மறுநாள் பாடம் புரியாது, இரண்டு நாள் விட்டால் எட்டிப் பிடிக்கவே முடியாது. பாதியில் நின்றுபோன ஏழெட்டுப் பேரில் பெரும்பாலானவர்கள் இப்படி ஓரிரு நாள் விட்டவர்கள்தான்.

நான் ஏன் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவரவர் தேவையைப் பொறுத்துத்தான் இந்த வகுப்பு நல்லதாகவோ சுமாராகவோ தெரியும். திண்டுக்கல் ரோட்டில் ஒரு வெள்ளரிப்பிஞ்சு ஏற்றுமதி கம்பெனியில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். கெர்கின் என்று சொல்வார்களே, அதுதான். விரல் பருமன் பிஞ்சுகளை உப்புத் தண்ணீரிலோ வினிகரிலோ ஊறப்போட்டு, டிரம்மில் அடைத்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அனுப்புகிறோம். எங்கள் சரக்கில் ஒரு பகுதி ஸ்பெயினுக்குப் போகிறது. வாங்குகிற கம்பெனியின் மேனேஜர் ஆங்கிலத்தில் அழகாக மெயில் போடுவார். ஆனால் வலென்சியாவில் கன்டெய்னர் இறங்கியபிறகு குடோனிலிருந்து போன் செய்கிறவருக்கு ஸ்பானிஷ் தவிர ஒன்றும் தெரியாது. டிரம் எண்ணிக்கையிலோ எடையிலோ சந்தேகம் வந்தால் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் மொழிபெயர்க்க ஆள் தேடி அரை நாள் போய்விடும். முதலாளியிடம் கேட்டேன். "காலைல படிங்க, மத்தியானத்துக்கு மேல ஆபீஸ் வாங்கம்மா" என்று விட்டுவிட்டார்.

வகுப்பில் முக்கால்வாசி கல்லூரிப் பிள்ளைகள். அதில் பாதி பையன்கள் கால்பந்துப் பைத்தியம், பார்சிலோனா பனியனோடுதான் வருவார்கள். ஐடி கம்பெனியில் வேலை தேடும் பெண்கள் சிலர். வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்யும் ஒரு நர்ஸ். மகள் சிலி நாட்டில் குடும்பத்தோடு இருக்கிறார் என்று பேரனிடம் பேசுவதற்காகப் படிக்க வந்த, பாங்கில் வேலை பார்த்து ரிட்டையரான ஒரு பெரியவர். எல்லாருக்கும் அவர் 'ஐயா', நான் 'அக்கா'.

முதல் பகுதியை எடுத்தவர் ஒரு சீனியர் பேராசிரியர். ஸ்பானிஷ் அறிவில் குறையே சொல்ல முடியாது, உச்சரிப்பு சுத்தம். ஆனால் பாடம் முழுக்க ஆங்கிலத்தில்தான். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லி, அதை ஸ்பானிஷுக்கு மாற்றச் சொல்வார். ஆங்கிலமே யோசித்துப் பேசுகிற பிள்ளைகள் அதில் பாதிப் பேர். அவர்கள் தமிழில் நினைத்து, ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஸ்பானிஷுக்கு வரவேண்டும். அதற்குள் சார் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். போதாக்குறைக்கு ஆங்கில எழுத்துகளைப் பார்த்தவுடன் ஆங்கில ஒலி வாயில் வந்துவிடும். 'இ' வரவேண்டிய இடத்தில் 'ஐ', 'எ' வரவேண்டிய இடத்தில் 'ஈ'. ஸ்பானிஷில் உயிரொலி ஐந்தே ஐந்து: அ, எ, இ, ஒ, உ. எந்தச் சொல்லில் வந்தாலும் ஒலி மாறாது. தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிடச் சுலபமான ஒன்று கிடையாது. அது தெரியாமலே முதல் வாரம் போனது.

இலக்கணத்துக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் ஓர் இளம் ஆசிரியை வந்தார். அருப்புக்கோட்டைப் பக்கம் சொந்த ஊர். அவர் வந்த முதல் நாளே போர்டில் ஐந்து உயிரெழுத்தையும் தமிழில் எழுதிப் போட்டார். அடுத்து 'ஞ' எழுதினார். ஸ்பானிஷில் மேலே சுழியிட்ட ஓர் எழுத்து உண்டு, எஸ்பாஞா என்று அவர்கள் நாட்டுப் பெயரிலேயே வருவது. ஆங்கிலம் வழியாக அதை விளக்க சார் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். மிஸ், 'ஞானம்', 'ஞாயிறு' என்று இரண்டு சொல் சொன்னார், முடிந்தது. அதேபோல 'நாதா' (ஒன்றுமில்லை), 'தோதோ' (எல்லாம்) போன்ற சொற்களின் நடுவில் வரும் தகர ஒலியை ஆங்கில 'டி' ஆக்கிக் கடித்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். 'அது', 'இது' என்று சொல்லும்போது நாக்கு எங்கே படுகிறதோ அங்கேயே வையுங்கள் என்றார். அன்றைக்கே அந்த ஒலி எல்லாருக்கும் பிடிபட்டுவிட்டது.

ர, ற இரண்டும் ஸ்பானிஷில் தனித்தனி. 'பெரோ' என்றால் ஆனால், நாக்கை உருட்டி அழுத்தி 'பெறோ' என்றால் நாய். மதுரையில் நாம் பேசும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் காட்டுவதில்லை. நாகர்கோவிலிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த ஒரு பெண், ஊரில் பேசுகிற 'கறி', 'மறை' என்ற ஒலியிலேயே அதைச் சொல்லிக் காட்டினாள். மிஸ் அவளையே முன்னால் நிறுத்தி, எங்கள் எல்லாரையும் அவள் பின்னால் சொல்லவைத்தார். வகுப்பில் ஒரு மாணவியை இப்படி ஆசிரியர் இடத்தில் நிறுத்தியதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

இனி இலக்கணத்துக்கு வருகிறேன். தமிழர்கள் யாராவது ஸ்பானிஷ் படிக்க நினைத்தால் இந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

ஆங்கிலம் வழியாக வருகிறவர்களைத் திணறடிக்கும் வினை ஒன்று உண்டு, 'குஸ்தார்'. ஆங்கிலத்தில் காபி பிடிக்கும் என்பதற்கு 'ஐ லைக்' என்று 'நான்' முன்னால் நிற்கும். ஸ்பானிஷில் 'மே குஸ்தா எல் கஃபே'. 'மே' என்றால் எனக்கு. காபிதான் எழுவாய். சார் இதை ஆங்கிலத்தில் விளக்க ஒரு முழு வகுப்பு எடுத்தார், 'காபி என்னை மகிழ்விக்கிறது' என்றெல்லாம் சுற்றிவளைத்து. மறுநாள் மிஸ் என்னிடம், "அக்கா, 'ஐ லைக்'க மறந்துருங்க. 'எனக்குப் பிடிக்கும்'னு மனசுக்குள்ள சொல்லிட்டு எழுதுங்க" என்றார். எனக்கு, உனக்கு, அவருக்கு என்ற வரிசை அப்படியே மே, தே, லே என்று உட்கார்ந்தது. கவனிக்கவேண்டிய ஒரே இடம் பன்மை. பூக்கள் பிடிக்கும் என்றால் 'குஸ்தா' போதாது, 'குஸ்தான்' வரவேண்டும்.

வலி என்பதற்கும் இதே கணக்குத்தான். 'மே துவெலே லா கபேசா', எனக்குத் தலை வலிக்கிறது. எங்கள் நர்ஸ் தங்கச்சிக்கு இந்தப் பாடம் வந்த நாள் முகமே மாறிவிட்டது. 'தோந்தே லே துவெலே?', உங்களுக்கு எங்கே வலிக்கிறது? வார்டில் தினமும் தமிழில் கேட்கிற கேள்வியை அதே அமைப்பில், அதே மரியாதையோடு ஸ்பானிஷில் கேட்கிறாள். நீ, நீங்கள் என்ற வித்தியாசமும் அங்கே உண்டு. தூ, உஸ்தேத். நோயாளியிடமும் வாடிக்கையாளரிடமும் 'உஸ்தேத்' போடவேண்டும் என்று ஆங்கிலப் புத்தகம் ஒரு பக்கம் எழுதுகிறது. நமக்கு அதற்கு விளக்கமே தேவையில்லை.

வினை விகுதியும் அப்படித்தான். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம் என்று கடைசி அசையிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது இல்லையா? ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லாமோஸ். 'நான்' என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. ஆங்கில வழியில் போன நாட்களில் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யோ', 'யோ' என்று போட்டு எழுதிக்கொண்டிருந்தவர்கள் இதைச் சொன்னதும் நிறுத்திவிட்டார்கள்.

என்னை அசரவைத்தது வேறொன்று. ஸ்பானிஷில் 'ஒரு வீட்டைப் பார்க்கிறேன்' என்பதற்கு 'வேயோ உனா காசா'. 'அம்மாவைப் பார்க்கிறேன்' என்பதற்கு 'வேயோ ஆ மி மாத்ரே'. மனிதர் வந்தால் நடுவில் 'ஆ' என்று ஒன்று சேர்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் இதற்கு ஈடே இல்லாததால் புத்தகத்தில் தனிப் பெட்டி கட்டி விதியாகப் போட்டிருந்தார்கள். மிஸ் போர்டில் இரண்டு தமிழ் வாக்கியம் எழுதினார். 'புத்தகம் வாங்கினேன்.' 'அம்மா பார்த்தேன்.' இரண்டாவதைப் பார்த்ததும் பின்பெஞ்சிலிருந்தே, "மிஸ், 'ஐ' விட்டுப்போச்சு" என்று சத்தம் வந்தது. பொருளுக்கு 'ஐ' இல்லாமல் சமாளிக்கலாம், ஆளுக்கு முடியாது. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வேற்றுமை என்று மனப்பாடம் செய்தது இங்கே வந்து உதவும் என்று யார் நினைத்தார்கள்? அந்தப் பாடம் பத்து நிமிடத்தில் முடிந்தது, பரீட்சையிலும் ஒருவரும் அதில் தவறவில்லை.

அடுத்தது செர், எஸ்தார் என்ற இரண்டு வினைகள். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'பி' (ஆம், இஸ், ஆர்) என்ற ஒரே வினை என்பதால் புத்தகம் 'நிரந்தரம் என்றால் செர், தற்காலிகம் என்றால் எஸ்தார்' என்று சொல்லிவைக்கிறது. அந்த விதி ஓட்டை. மாத்ரித் நகரம் ஸ்பெயினில் இருப்பது நிரந்தரம்தான், ஆனாலும் அதற்கு எஸ்தார் வரும். இறந்துபோனவருக்கும் எஸ்தார்தான், 'எஸ்தா முவெர்தோ'. சாவைவிட நிரந்தரம் எது என்று பாங்க் ஐயா எழுந்து கேட்டார். நல்ல கேள்வி. மிஸ் சொன்ன வழி இது: தமிழில் சொல்லிப் பாருங்கள். 'நான் நர்ஸ்', 'அவர் என் அப்பா', 'நான் மதுரைக்காரன்' என்று வினையே இல்லாமல் முடிந்தால் செர். 'வீட்டில் இருக்கிறேன்', 'களைப்பாக இருக்கிறேன்', 'இறந்துபோய் இருக்கிறார்' என்று இடத்துக்கோ நிலைமைக்கோ 'இரு' வந்தால் எஸ்தார். 'பேசிக்கொண்டு இருக்கிறேன்' என்பதுகூட 'எஸ்தோய் ஆப்லாந்தோ'தான். முழுக்கப் பொருந்தாது என்பதையும் அவரே சொல்லிவிட்டார். 'அவள் உயரமாக இருக்கிறாள்' என்று நாம் சொன்னாலும் ஸ்பானிஷில் அது செர், ஏனென்றால் உயரம் அவளுடைய குணம், நிலைமை அல்ல. இந்த விதிவிலக்கோடு சேர்த்தே பார்த்தாலும் புத்தகத்து விதியைவிட இது எவ்வளவோ மேல்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் இருக்கின்றன. உயிரில்லாத பொருளுக்கெல்லாம் ஆண், பெண் பிரித்திருக்கிறார்கள். மேசை பெண், 'லா மேசா'. புத்தகம் ஆண், 'எல் லிப்ரோ'. 'ஆ'வில் முடிந்தால் பெண் என்று நினைத்தால் 'எல் ப்ரோப்ளேமா' ஆண். 'ஓ'வில் முடிந்தும் 'லா மானோ', கை, பெண். பெயரோடு சேர்ந்து அடைமொழியும் பாலும் எண்ணும் மாற்றிக்கொள்ளவேண்டும். நமக்கு 'வெள்ளை வீடு', 'வெள்ளை வீடுகள்' இரண்டிலும் வெள்ளை வெள்ளைதான். அங்கே 'காசா பிளாங்கா', 'காசாஸ் பிளாங்காஸ்'. இதற்குக் குறுக்குவழி கிடையாது. எல், லா சேர்த்தே ஒவ்வொரு சொல்லையும் எழுதவேண்டும் என்று மிஸ் கண்டிப்பாக இருந்தார். வெறும் 'மேசா' என்று எழுதினால் கோடு போட்டு அடித்துவிடுவார். அந்தக் கண்டிப்பு தேவைதான். பசிக்குக்கூடத் தமிழ் உதவாது, 'பசி வைத்திருக்கிறேன்' என்கிற மாதிரி 'தெங்கோ ஆம்ப்ரே' என்றுதான் சொல்லவேண்டும்.

தமிழ் எழுத்திலேயே எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொள்ளலாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். 'பெசோ' என்று தமிழில் எழுதினால் அது எடையா முத்தமா என்று தெரியாது. ஸ்பானிஷில் இரண்டுக்கும் முதலெழுத்து வேறு, ஒலியும் வேறு. எங்கள் டிரம் லேபிளில் நிகர எடைக்கு 'பெசோ நேத்தோ', வினிகரை வடித்தபிறகு இருக்கும் எடைக்கு 'பெசோ எஸ்குறிதோ' என்று இரண்டும் வரும். எனக்கு அந்தச் சொல் சரியாக வந்தே ஆகவேண்டும். அதனால் உச்சரிப்புக்குத் தமிழ் ஒலி, எழுதுவதற்கு அவர்கள் எழுத்து என்று முதல் நாளிலிருந்தே பிரித்துக்கொண்டேன். சேருகிறவர்களுக்கும் அதையே சொல்வேன்.

பேச்சுப் பயிற்சி பற்றித் தனியாக எழுதவேண்டும், இந்தப் படிப்பின் சிறந்த மணி நேரங்கள் அவை. ஒரு நாள் வகுப்பை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டாக மாற்றினார்கள். பெஞ்சுகளை இரண்டு வரிசையாகப் போட்டு, ஒரு வரிசை கடைக்காரர்கள், ஒரு வரிசை வாங்குகிறவர்கள். பாங்க் ஐயா மல்லிகை வியாபாரி, பார்சிலோனா பனியன் போட்ட பையன் வாங்க வந்தவன். "குவாந்தோ குவெஸ்தா எல் ஹஸ்மின்?" என்று பையன் விலை கேட்டான். "மில் குவாத்ரோசியென்தோஸ் ரூபியாஸ் எல் கீலோ" என்றார் ஐயா. ஆயிரத்து நானூறு ரூபாய் கிலோ. மிஸ் அந்த இடத்தில் நிறுத்தினார். "ஐயா, ரூபாய் அங்க பொண்ணு. நானூறும் அவங்க கூடவே மாறணும்." 'குவாத்ரோசியென்தாஸ் ரூபியாஸ்'. இருநூறு முதல் தொள்ளாயிரம் வரை நூறுகளுக்கும் பால் உண்டு என்பது புத்தகத்தில் அடிக்குறிப்பாக இருந்தது, அன்றைக்கு எல்லார் காதிலும் விழுந்தது. பையன் விடவில்லை. "எஸ் மூய் காரோ, சென்யோர்!" விலை ரொம்ப அதிகம் என்கிறான். அதில் ரகரத்தை உருட்டிவிட்டதால் விலை 'கார்' ஆகிவிட்டது. நாகர்கோவில் பெண் அங்கிருந்தே திருத்தினாள். கடைசியில் ஆயிரத்து இருநூறுக்குப் பேரம் படிந்தது. முகூர்த்த நாள் என்றால் எந்த வியாபாரியும் இந்த விலைக்கு இறங்கமாட்டார் என்று ஐயா தமிழில் சொன்னதும், அதையும் ஸ்பானிஷில் சொல்லச் சொன்னார் மிஸ். எல்லாருமாகச் சேர்ந்து சொல்லிமுடித்தோம்.

எண்கள் பாடத்தை ஏற்றுமதித் தொழிலில் இருக்கிறவர்கள் தவறவிடக் கூடாது. ஸ்பெயினில் வியாபாரக் காகிதங்களில் ஆயிரத்துக்குப் புள்ளியும் தசமத்துக்குக் கமாவும் போடுகிறார்கள். 1.250,50 என்று இருந்தால் அது ஆயிரத்து இருநூற்று ஐம்பதரை. 'பில்யோன்' என்றால் நூறு கோடி அல்ல, ஒரு லட்சம் கோடி. 500, 700, 900 மூன்றும் மற்ற நூறுகள் மாதிரி வராது, தனியாகப் படிக்கவேண்டும். இதையெல்லாம் சார்தான் எடுத்தார். இன்வாய்ஸ் மாதிரி ஒன்றைப் போர்டில் வரைந்து, அவ்வளவு பொறுமையாக எடுத்தார். 'அத்ஹுந்தோ லா ஃபக்தூரா', இன்வாய்ஸை இணைத்திருக்கிறேன், என்ற வரியோடு ஒரு முழு வியாபாரக் கடிதம் எழுதவும் கற்றுக்கொடுத்தார். அதை அப்படியே ஆபீசில் பயன்படுத்துகிறேன். சாரின் வகுப்பு ஆங்கிலத்தில் இருந்ததுதான் எனக்கு வருத்தம், அவர் அறிவில் அல்ல.

இனிக் குறைகள். முதலாவது, அழுத்தம். ஸ்பானிஷில் ஒரு சொல்லில் எந்த அசையை அழுத்துகிறோம் என்பதில் பொருளே மாறும். தமிழில் அந்தப் பழக்கம் நமக்கு இல்லை, எல்லா அசையையும் சமமாகச் சொல்லிக்கொண்டு போகிறோம். 'பாகோ' என்று முதல் அசையை அழுத்தினால் நான் பணம் கட்டுகிறேன். கடைசி அசையை அழுத்தினால் அவர் கட்டிவிட்டார். பாக்கி கேட்டுப் போன் செய்கிற எனக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. விதி சுலபம்தான்: உயிரிலோ, 'ன்', 'ஸ்' ஒலியிலோ முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசை, மற்றபடி கடைசி அசை, இதை மீறினால் மேலே ஒரு கோடு. இந்த விதியை அரை மணி நேரத்தில் எழுதிப்போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். காதுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. தமிழ்ப் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள் என்று பார்த்தால் இந்த இடம்தான். ஒரு வாரம் ஒதுக்கியிருக்கவேண்டும்.

இரண்டாவது, கேட்டல் பயிற்சி முழுவதுமே பலவீனம். கத்திரி வெயிலில் நாலு ஃபேன் முழு வேகத்தில் ஓட, மேசை மேல் வைத்த சின்ன ஸ்பீக்கரிலிருந்து வரும் குரல் மூன்றாவது வரிசைக்கு எட்டாது. கல்லூரியில் மொழி ஆய்வகம் இருக்கிறது, விடுமுறை என்று பூட்டிவைத்திருந்தார்கள். ஆடியோ கோப்புகளை மிஸ் வாட்ஸ்அப்பில் அனுப்பியதால் தப்பித்தோம். காதில் ஹெட்போன் மாட்டி, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கேட்டேன். ஸ்பெயின் நாட்டு அரசு வானொலியை இன்டர்நெட்டில் இலவசமாகக் கேட்கலாம், செய்தி நேரத்தில் எண்களும் நாட்களும் ஊர்ப்பெயர்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடும். சொற்களுக்கு ஸ்பானிஷ் அகாதமியின் அகராதியும் இணையத்தில் இலவசம். 1713 முதல் இருக்கிற அமைப்பு அது. ஸ்பானிஷிலேயே பொருள் இருப்பதால் ஆரம்பத்தில் கடினம், இருந்தாலும் பழகிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எந்த நாட்டு ஸ்பானிஷ் என்று முதலிலேயே சொல்லவில்லை. புத்தகம் ஸ்பெயினில் அச்சானது, மிஸ் கற்றுக்கொடுத்த உச்சரிப்பு லத்தீன் அமெரிக்காவுடையது. நன்றிக்கு அங்கே 'கிராசியாஸ்'. ஸ்பெயினின் பெரும்பகுதியில் அந்தச் சொல்லின் நடுவில் நாக்கு நுனி பல்லுக்கிடையில் வந்து வேறு ஒலி கேட்கும். 'நீங்கள் எல்லாரும்' என்பதற்கு ஸ்பெயினில் நெருக்கமானவர்களிடம் 'வோசோத்ரோஸ்', அதற்குத் தனி வினை விகுதி. லத்தீன் அமெரிக்காவில் அது புழக்கத்தில் இல்லை என்று அந்த விகுதியை எங்களுக்கு நடத்தவே இல்லை. சிலி போகிற ஐயாவுக்கு அது சரி. வலென்சியாவோடு பேசுகிற எனக்குச் சரியில்லை, நானாகப் படித்துக்கொண்டேன். மெஸ்ஸி பேட்டியைக் கேட்டுவிட்டு வந்த பையன், அவர் 'தியெனெஸ்' (உன்னிடம் இருக்கிறது) என்று சொல்லாமல் 'தெனேஸ்' என்கிறாரே என்று கேட்டபோது, அர்ஜென்டினாவில் 'தூ' கிடையாது, 'வோஸ்' என்று மிஸ் நன்றாக விளக்கினார். அந்த மாதிரி ஒரு மணி நேரம் ஸ்பெயினுக்கும் ஒதுக்கியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

நான்காவது, கால அட்டவணை. சித்திரைத் திருவிழா எப்போது வருகிறது என்று மதுரையில் யாருக்கும் தெரியாமல் இருக்காது. அப்படியிருந்தும் திருவிழாவுக்கு முன்னால் வகுப்பைத் தொடங்கிவிட்டார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளை ஒட்டிக் கோரிப்பாளையம் பக்கம் வண்டி எதுவும் நகராது, பஸ்ஸெல்லாம் சுற்றிப் போகும். அந்த நாட்களில் கல்லூரிக்கு விடுமுறை விட்டது சரிதான், அழகரைப் பார்க்காமல் வகுப்பில் உட்காரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விட்டுப்போன பாடத்தைக் கடைசி வாரத்தில் திணித்தார்கள். இறந்தகாலம் முழுவதும், அதுவும் ஒழுங்கற்ற வினைகளோடு, அந்த ஒரு வாரத்தில் ஓடியது. பாதிப் பேர் எழுதிக்கொண்டார்களே தவிர யாரும் படிக்கவில்லை. திருவிழா முடிந்த திங்கட்கிழமை தொடங்கினால் இந்தப் பிரச்சினையே இல்லை. பின்னூட்டப் படிவத்திலும் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சான்றிதழ் பற்றியும் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். நோட்டீசில் 'ஏ1' என்று இருக்கும். ஐரோப்பிய மொழி அளவீட்டில் ஆறு நிலைகளில் அது முதல் நிலை. பாடத்திட்டம் அந்த அளவுக்கு இருக்கிறது என்பதுதான் அர்த்தம். கிடைப்பது கல்லூரியின் சான்றிதழ். வெளிநாட்டில் காட்டவேண்டும் என்றால் 'டெலே' தேர்வைத் தனியாகப் பணம் கட்டி எழுதவேண்டும். ஸ்பெயின் கல்வி அமைச்சகத்தின் சார்பில் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்துவது அது. வாசிப்பும் எழுத்தும் சேர்த்து 50, கேட்டலும் பேச்சும் சேர்த்து 50. இரண்டிலும் தனித்தனியாக 30 எடுத்தாகவேண்டும், ஒன்றில் குறைந்ததை இன்னொன்றில் ஈடுகட்ட முடியாது. தேறிவிட்டால் அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. கல்லூரியில் கடைசிப் பரீட்சையை இதே நான்கு பகுதியாக வைத்தார்கள், அதைப் பாராட்டவேண்டும். நர்ஸ் தங்கச்சி டெலேவுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எழுத்துப் பக்கம் பயமில்லை, கேட்டலுக்குத்தான் தனியாக உழைக்கிறாள்.

என் வேலைக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், வலென்சியா குடோன்காரர் போன் செய்தால் இப்போது நான் எடுக்கிறேன். வேகமாகப் பேசினால் நிறுத்தி, "மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்" என்று மெதுவாகச் சொல்லச் சொல்கிறேன். எத்தனை டிரம், என்ன எடை, எந்தத் தேதி என்ற மூன்றும் வந்துவிட்டால் மீதியை மெயிலில் முடித்துக்கொள்கிறோம். ஐயா பேரனிடம் தினமும் பேசுகிறாராம், பள்ளிக்கூடத்தில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பது வரை வந்திருக்கிறார்.

கல்லூரிக்கு நான் சொல்வது இதுதான். இரண்டு ஆசிரியர்களையும் உட்காரவைத்து, தமிழ் வழியாக ஸ்பானிஷ் இலக்கணம் என்று ஐம்பது பக்கத்தில் ஒரு குறிப்பு தயாரியுங்கள். எனக்கு, உனக்கு, 'ஐ' உருபு, 'இரு', விகுதி எல்லாம் மிஸ் போர்டில் எழுதி அழித்தவை. எங்கள் நோட்டுகளில்தான் அவை இருக்கின்றன. கேட்டால் என் நோட்டைத் தருகிறேன். ரூ.600 வாங்கிக்கொண்டு கொடுத்த புத்தகம் மங்கலான ஜெராக்ஸ், படங்களில் ஆள் யார், மேசை எது என்றே தெரியவில்லை. அந்தப் பணத்தில் இந்தக் குறிப்பை அச்சடித்தாலே போதும்.

அடுத்த நிலை வகுப்பை டிசம்பரில் தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள், மாலை நேர வகுப்பாக. மிஸ் எடுப்பதாக இருந்தால் நான் சேருகிறேன். கோடை வகுப்புக்குச் சேர நினைக்கிறவர்கள் மார்ச் மாதமே ஆபீசில் போய்க் கேட்டுவிடுங்கள், தொடக்கத் தேதியையும் மொழி ஆய்வகம் திறந்திருக்குமா என்பதையும் சேர்த்து.